முரசுக்குப் பிறகு

சீயானில் நான் ஐந்து இரவுகள் இருந்தேன். பகல்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் பேரரசனின் மண்சிலைப் படையை, எல்லோரும் பார்ப்பதுபோல, பிறருடைய தலைகளுக்கும் அவர்கள் தூக்கிப் பிடித்த செல்போன்களுக்கும் இடையே எட்டிப் பார்த்தேன். மியூசியத்தில் வரிசையில் நின்றேன். ஊர் திரும்பிய பிறகும் என்னை விடாமல் தொந்தரவு செய்வது அந்த ஊரின் இரவு. அதைப்பற்றி எழுத உட்கார்ந்தால் அது வரலாற்றில் போய் விழுகிறது. சீனம் எனக்குத் தெரியாது. நான் சொல்லப்போகும் பழைய விஷயங்கள் எல்லாம் மொழிபெயர்ப்புகள் வழியாகவும் அறிஞர்களின் நூல்கள் வழியாகவும் வந்து சேர்ந்தவை. கண்ணால் கண்டவற்றுக்கு மட்டும் நானே சாட்சி.

பெரிய காட்டுவாத்துக் கோபுரத்தின் தெற்குச் சதுக்கத்தில் யுவான் சுவாங் சிலையாக நிற்கிறார். காஞ்சிபுரம்வரை வந்துபோனவர் என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த அதே ஆசாமிதான். அவர் இந்தியாவிலிருந்து சுமந்துவந்த ஏடுகளை வைக்க 652-இல் எழுப்பிய கோபுரம் அவருக்குப் பின்னால். அவருக்கு எதிரே, தெற்கு நோக்கி, 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீள்கிறது ஒரு தெரு. வாகனங்கள் கிடையாது. அதன் சீனப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மகா தாங் காலத்து இரவில்லாத நகரம்’ என்று வரும். இருட்டியதும் மரங்களின் கிளைகளெல்லாம் விளக்காகிவிடுகின்றன. இருபுறமும் தாங் அரண்மனைகளின் சாயலில் கட்டிய கடைகள், கூரை விளிம்பெல்லாம் பொன்னிற ஒளி. நடுவில் பேரரசர்கள், அமைச்சர்கள், கவிகள் எல்லோருக்கும் சிலை. தாங் காலத்து உடையை வாடகைக்கு எடுத்து உடுத்தி, நெற்றியில் சிவப்புப் பூ எழுதிக்கொண்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் நடக்கிறார்கள். ஒவ்வொருத்தி பின்னாலும் ஒரு போட்டோகிராபர், அவனுக்குப் பின்னால் விளக்குப் பிடிக்க ஒரு பையன்.

2019-இல் இந்தத் தெருவில் ஒரு பெண், தள்ளினாலும் சாயாத தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரியான அடித்தளத்தின்மேல் நின்று, ஆடிச் சாய்ந்து கூட்டத்தை நோக்கிக் கை நீட்டிய காட்சி நாடு முழுவதும் பரவியது. அதற்கப்புறம் கூட்டத்தைச் சொல்லி முடியாது. 2023 முதல் இன்னொன்று. தாங் அரசவையின் இரண்டு அமைச்சர்கள் வேஷத்தில் இரண்டு நடிகர்கள் மேடையில் நின்று, கூட்டத்திலிருந்து யாரையாவது ஏற்றி, பழைய வரலாறும் பழைய கவிதையும் கேட்டு வம்பு பண்ணுகிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் எங்கே பேச்சு முடிந்து எங்கே கவிதை தொடங்குகிறது என்பது தெரிந்துவிட்டது. அதுவரை சிதறிக்கிடந்த இரைச்சல் சட்டென்று ஒரே தாளத்துக்கு வந்தது. ஐஸ்க்ரீம் தின்றுகொண்டிருந்த பையன் உட்பட அத்தனைபேரும் அடுத்த வரியைச் சேர்ந்து சொன்னார்கள். 1200 வருஷத்துக்கு முந்தைய வரியை ஒரு தெரு முழுக்கச் சொல்கிறது. கவிதைப் பத்திரிகை நடத்தி நஷ்டப்பட்டவர்கள் அங்கே நின்று அதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன்.

எனக்குப் பிடித்திருந்தது. இதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்து, ஜனரஞ்சகம் என்றால் முகம் சுளிப்பவன் இவன் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் வரலாற்றைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அந்தத் தெருவின் பெயர் பொய்யாகிவிடுகிறது. தாங் காலத்து நகரம், அப்போது அதற்குச் சாங்-ஆன் என்று பெயர், இரவில் சட்டப்படி மூடப்பட்ட நகரம்.

582-இல் சுயி வம்சத்தின் முதல் பேரரசன் கட்டளையிட, யூவென் காய் என்பவர் திட்டமிட்டுத் தந்த ஊர் அது. பரப்பு 84 சதுர கிலோமீட்டர். சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்து 108 பேட்டைகள். ஒவ்வொரு பேட்டையையும் சுற்றி இடித்துக் கெட்டித்த மண்சுவர், சுவரில் கதவுகள். கிழக்கே ஒரு சந்தை, மேற்கே ஒரு சந்தை, அவற்றுக்கும் சுவர், கதவு. நடுவில் வடக்கு தெற்காக ஓடிய ராஜவீதி சுமார் 150 மீட்டர் அகலம். அந்த அகலம் மக்கள் உலாவுவதற்காக ஏற்பட்டதல்ல. சாதாரணக் குடும்பம் எதுவும் அந்த வீதியைப் பார்த்துத் தன் வாசலைத் திறந்துவிட முடியாது. வீட்டு வாசல் பேட்டைக்குள்ளே திறக்கும். பேட்டையின் கதவு வீதிக்குத் திறக்கும். அந்தக் கதவு அரசாங்கத்தினுடையது.

சாயங்காலம் முரசு ஒலிக்கும். 800 அடி. முடிந்ததும் பேட்டைக் கதவுகள் சாத்தப்படும். ஆரம்பத்தில் காவலர்கள் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போய்த்தான் நேரத்தை அறிவித்தார்களாம். ஏழாம் நூற்றாண்டில் மா ட்சோ என்ற அதிகாரி, கத்துவதற்குப் பதிலாக வீதிகளில் முரசு வைக்கலாம் என்று யோசனை சொன்னார். விடியலில் அரண்மனையில் முதல் முரசு எழும். தெரு முரசுகள் ஒவ்வொன்றாக அதை வாங்கிக்கொள்ளும். 3000 அடிக்குள் வெளிச்சம் வந்துவிடும். சந்தைக்கு வேறு கணக்கு. நண்பகலில் 300 முரசடியோடு திறந்து, சூரியன் மறைவதற்கு முன்பே 300 முறை மணித்தகடு தட்டி மூடிவிடுவார்கள். பத்து லட்சம் பேர் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு மாநகரத்தில் இரவு வியாபாரம் என்பது சட்டப்படி இல்லை.

மூடும் முரசுக்கும் திறக்கும் முரசுக்கும் இடையில் வீதியில் அகப்பட்டவனுக்குத் தாங் சட்டத் தொகுப்பில் தண்டனை 20 பிரம்படி. குற்றத்தின் பெயர், ஏறத்தாழ, ‘இரவை மீறுதல்’. பெயரைக் கவனிக்க வேண்டும். திருடினான், அடித்தான் என்பதல்ல. இரவே ஒரு எல்லை. யுவான் சுவாங்கூட அந்த வகைக் குற்றவாளிதான். நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்த சமயத்தில் அனுமதி இல்லாமல் கிளம்பி, பகலில் ஒளிந்து இரவில் நடந்து, காவல்கோபுரங்களைத் தாண்டிப் போனவர். 645-இல் திரும்பி வந்தபோது பேரரசனே வரவேற்றான் என்பது வேறு விஷயம்.

அடிவாங்கியவர்களும் இருக்கிறார்கள். 808-இல் குடித்துவிட்டு இரவை மீறிய அரண்மனைத் தூதர் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் வென் டிங்யுன், இது சாங்-ஆனில் அல்ல, யாங்ட்சோவில், போதையில் நேரம் தவறித் தெருவில் இருந்தார். ரோந்துக்காரன் அடித்ததில் முகம் சிதைந்து பல் உடைந்தது. இரவையும் விளக்கையும் பெண்களையும் அவ்வளவு மென்மையாக எழுதிய கவிஞர் என்று விமர்சகர்கள் சொல்லும் அந்த மனிதரின் வாயில் பல் உடைந்திருந்தது என்பதை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

சட்டம் ஆள்பவன் எதை விரும்பினான் என்பதைச் சொல்லும். ஜனங்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்குக் கதைகளிடம்தான் போகவேண்டியிருக்கிறது. தாங் காலத்துச் சிறுகதைகள் இரண்டை இதற்காகவே நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

ஒன்று, பை ஷிங்ஜியன் எழுதிய லீ வாவின் கதை. பிங்காங் என்ற கணிகையர் பேட்டையில், பரீட்சை எழுத வந்த இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். முரசு ஆரம்பமாகிறது. வீட்டுக் கிழவி, எங்கே தங்கியிருக்கிறாய், சட்டத்துக்கு மாட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் போய்விடு என்கிறாள். அவன், நகரத்துக்கு வெளியே வெகுதூரம் என்று கூசாமல் பொய் சொல்கிறான். இனிமேல் போய்ச் சேர முடியாது; ஆகவே இரவு இங்கேயே. மக்களை வீட்டில் அடைப்பதற்காக அடித்த முரசு இவனை வேண்டிய வீட்டில் கொண்டுபோய் அடைத்துவிடுகிறது. பேட்டைக்குள்ளே நடமாடத் தடை இல்லை என்பதைச் சட்ட உரையே சொல்கிறது. எனவே பிங்காங்கின் கதவை அரசாங்கம் சாத்தியபோது, உள்ளே இருந்தவர்களுக்கு அது தொந்தரவே இல்லை. விடியும்வரை யாரும் வந்து கூப்பிட முடியாது என்ற உத்தரவாதமாகிவிட்டது.

இன்னொன்று ஷென் ஜிஜி எழுதியது, நரிப்பெண் ரென் பற்றிய கதை. ஒரு மாளிகையில் இரவைக் கழித்துவிட்டு இருட்டோடு கிளம்புகிறான் நாயகன். பேட்டைக் கதவு இன்னும் திறக்கவில்லை. கதவருகே மேற்குத் தேசத்துக்காரன் ஒருவனின் ரொட்டிக்கடை. விளக்கேற்றி அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறான். முரசுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அந்தக் கடையின் திரைக்கடியில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறான். கிழக்கே அந்தப் பெரிய வீடு யாருடையது? அங்கே வீடு ஏது, இடிந்த சுவரும் பாழ்நிலமும்தான் என்கிறான் ரொட்டிக்காரன். பிறகு, ஓ, அங்கே ஒரு நரி இருக்கிறது, ஆண்களை அழைத்துப்போகும், நீயும் போனாயா? என்கிறான்.

நரி வரும் பகுதியை எல்லோரும் ரசிப்பார்கள். எனக்கு அந்த அடுப்பு முக்கியம். பூட்டிய கதவு, விடியாத வானம், வேலை தொடங்கிவிட்ட ஒரு அந்நியன், போகமுடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவன், இருவருக்கும் இடையே சும்மா ஒரு பேச்சு. தலைநகரத்தின் இரவு வாழ்க்கை என்று எனக்கு நம்பிக்கை தரும்படியாக வரலாறு விட்டுவைத்த காட்சி இது. 1076-இல் சாங்-ஆனைப் பற்றி நூல் தொகுத்த சோங் மின்சியூ, பிங்காங்குக்கு வடக்கே இருந்த சோங்ரென் பேட்டையில் இரவும் பகலும் கூச்சலும் விளக்கும் ஓய்ந்ததில்லை என்று குறித்திருக்கிறார். 840-இல் தலைநகரத்து அல்லங்காடிகளை ஒழிக்க ஓர் அரசாணை பிறந்தது. இல்லாததை யாரும் தடை செய்வதில்லை. சுவர் அப்படியே நின்றது, முரசு அப்படியே ஒலித்தது, அதனடியில் இரவு கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

வருஷத்தில் மூன்று இரவுகள் மட்டும் முரசு ஓயும். முதல் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி, விளக்குத் திருவிழாவுக்காக. 713-இல் அரண்மனைப் பகுதியின் ஆன்ஃபு வாசலுக்கு வெளியே 20 சாங் உயரத்தில், நம் கணக்கில் ஏறக்குறைய 60 மீட்டர், ஒரு விளக்குச் சக்கரம் எழுப்பினார்கள். பட்டுச் சுற்றி, பொன் பதித்து, 50,000 விளக்குகள் ஏற்றி, அதன்கீழே ஆயிரக்கணக்கான பெண்களை அலங்கரித்து நிறுத்தி மூன்று நாள் இரவும் பகலும் ஆடவிட்டதாகச் சாங் ட்சுவோ என்ற சமகாலத்தவர் எழுதிவைத்திருக்கிறார். 50,000 என்ற எண்ணை நான் அப்படியே நம்பவில்லை. ஆனாலும் அத்தனை எண்ணெய் யாருடையது, அந்தப் பெண்களை எங்கிருந்து வரவழைத்தார்கள் என்ற கேள்வி எழாமல் இல்லை.

கோபுரத்துக்குத் தெற்கே நான் பார்த்த தெரு நகலெடுப்பது இந்த மூன்று இரவுகளைத்தான். சோங்ரென்னின் கூச்சலை அல்ல, ரொட்டிக்காரனின் அடுப்பை அல்ல; அரசன் அனுமதித்த இரவை. 2019-இல் வந்த ‘சாங்-ஆனின் மிக நீண்ட நாள்’ தொலைக்காட்சித் தொடர்கூட, மா போயோங்கின் நாவலிலிருந்து எடுத்தது, 744-இன் விளக்குத் திருவிழா நாளில்தான் நடக்கிறது. 2022-இல் அதே தெருவை ஒட்டி அந்தத் தொடரின் பெயரிலேயே ஒரு கட்டடத்துக்குள் கடைவீதி திறந்தார்கள். கூரைக்குக் கீழே ஒரு சாங்-ஆன். டிக்கெட் வாங்கிக்கொண்டு அதற்குள் நுழையும்போது பேட்டைக் கதவு ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் என் ஏளனம் தடுக்கி விழுந்தது. இரண்டாம் இரவு, விளக்கு மரத்தடியில், வாடகை உடையில் மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரே கிண்ணத்திலிருந்து ஏதோ காரமான நூடுல்ஸை மாற்றி மாற்றித் தின்றுகொண்டிருந்தார்கள். தொழிற்சாலையிலோ ஆபீஸிலோ வேலை பார்ப்பவர்களாக இருக்கலாம். மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மையான சாங்-ஆனில் அவர்களைப்போன்ற பெண்களுக்கு வருஷத்தில் மூன்று இரவுகள். இந்தப் பொய்யான சாங்-ஆனில் வருஷம் முழுவதும். போலி, அசலைவிடத் தாராளமாக இருக்கும் ஒரு சந்தர்ப்பம் இது. பாரம்பரியத்தின் தூய்மை என்று பேசி என்னைப்போன்றவர்கள் இதை அவர்களிடமிருந்து வாங்கிவிட முடியுமானால் வாங்கிவிடுவோமா? அங்கேயே நின்று இதை யோசித்தேன். பதில் எனக்குச் சௌகரியமாக இல்லை. தெருவில் ஒரு பக்கமாகவே நடக்கச் சொல்லிக் கயிறு கட்டியிருந்தார்கள், விசில் ஊதிக்கொண்டு காவலர்கள் நின்றார்கள், கம்பத்துக்குக் கம்பம் காமிரா என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சீன நகரத்தின் இரவு சட்டப்படி திறந்தது வேறு ஊரில். சோங் வம்சத்தின் தலைநகரான காய்ஃபெங்கில், 965-இல், மூன்றாம் சாமம்வரை அல்லங்காடியைத் தடுக்கக்கூடாது என்று ஆணை வந்தது. பேட்டைச் சுவர்களும் காலப்போக்கில் அங்கே போயின, கடைகள் தெருவைப் பார்த்துத் திறந்தன. காய்ஃபெங்கின் மாஷிங் தெருவில் விளக்கெண்ணெய்ப் புகைக்குப் பயந்து கொசுவே கிடையாது என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. எத்தனையோ பெருமைகளைவிட இந்தக் கொசுக் கணக்கு எனக்கு நம்பகமாகப் படுகிறது. அதற்குள் சாங்-ஆன் அழிந்துவிட்டிருந்தது. 904-இல் ட்சு வென் என்ற படைத்தலைவன் பேரரசனையும் குடிமக்களையும் லோயாங்குக்கு ஓட்டிக்கொண்டுபோய், அரண்மனை, வீடுகளின் மரங்களையெல்லாம் பிரித்து வெய் நதியில் மிதக்கவிட்டான். இன்று சீயானில் நாம் ஏறி நடக்கும் மதில் பதினான்காம் நூற்றாண்டு மிங் காலத்தது, சுற்றளவு சுமார் 13.7 கிலோமீட்டர். பழைய சாங்-ஆனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் அதற்குள் அடங்கும்.

ஆகவே தாங் காலத்தைத் தேடி அங்கே போகிறவன் ஏமாந்துதான் திரும்பவேண்டும். அப்படித் திரும்பியவர்களில் நமக்குத் தெரிந்த ஒருவர் லூ சுன். 1924 கோடையில் சொற்பொழிவாற்ற அழைத்ததன்பேரில் சீயானுக்கு வந்தார். தாங் பேரரசன் ஷுவான்ட்சுங்கின் காதலி யாங் குய்ஃபெய்யைப் பற்றிப் படைப்பு ஒன்று எழுதும் எண்ணம் அவருக்கு அப்போது இருந்தது; ஊரைப் பார்த்தால் உதவும் என்று நினைத்தார். பார்த்ததும் மனத்தில் இருந்த சித்திரம் குலைந்துபோயிற்று. பத்து வருஷம் கழித்து ஒரு கடிதத்தில், அங்கே வானம்கூடத் தாங் காலத்து வானமாகத் தெரியவில்லை என்று நினைவுகூர்ந்திருக்கிறார். எழுதவில்லை. கடைசிவரை எழுதவில்லை.

நம் சரித்திர நாவலாசிரியர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது, யோசிக்க மாட்டார்கள். லூ சுன்னுக்குப் புத்தக அறிவில் குறைவில்லை. பழைய புனைகதைகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர், நான் மேலே சொன்ன நரிக்கதை, கணிகை கதைகள் அவருக்கு அத்துப்படி. வேண்டிய தகவல் முழுவதும் கையில் இருந்தும், வானம் ஒப்புக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டார். சீயானின் இன்றைய வானத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. கீழேயிருந்து விளக்கைப் பாய்ச்சி வேண்டிய நிறத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அதே பயணத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். இரவுகளில் யிசு சபாவின் நாடகங்களுக்குப் போனார், ஒரு தடவை அல்ல, பல தடவை. 1912-இல் தொடங்கிய சபா அது. ஷென்ஸி மாகாணத்தின் சின்சியாங் என்ற பழைய இசைநாடகத்தைக் கொண்டே சமூகப் பழக்கங்களைத் திருத்துவது நோக்கம். நடிக்கச் சேரும் பையன்களுக்கு எழுத்தும் படிப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பீகிங் நாடகக் கொட்டகைகளின் இரைச்சலைத் தாங்கமுடியாமல் எழுந்து வந்ததைக் கதையாக எழுதியவர் லூ சுன். அவர் இந்த மாகாணக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்து, கையிலிருந்து 50 யுவான் நன்கொடை கொடுத்து, பாராட்டுப் பலகை ஒன்றும் வழங்கினார். பேரரசனின் செத்த காதலியை எழுத மறுத்தவர், அன்றிரவு கண்ணெதிரே பாடிக்கொண்டிருந்த பையன்களுக்குக் காசு கொடுத்திருக்கிறார். ஒரு விமர்சகனின் வாழ்க்கையில் இவ்விரண்டும் ஒரே வாரங்களில் நிகழ்ந்ததை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

சின்சியாங்கை நான் கொட்டகையில் கேட்கவில்லை. மூன்றாம் இரவு, தெற்கு வாசலுக்கு அருகே, மதிலுக்கும் அகழிக்கும் இடைப்பட்ட பூங்காவில் கேட்டேன். மடக்கு ஸ்டூல்களில் முப்பது நாற்பது கிழவர்கள். பான்ஹு என்ற இரண்டு தந்தி வாத்தியம், இலந்தைமரத் தாளக்கட்டை, கரகரக்கும் ஒரு பெட்டி ஸ்பீக்கர். பாட முன்வந்தது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், சிவப்பு ஸ்வெட்டர், காய்கறிப் பையைக்கூடக் காலடியில்தான் வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் நான் திடுக்கிட்டுவிட்டேன். இனிமை என்று நாம் பழகியிருக்கும் எதுவும் அதில் இல்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும் ஒரு உரத்த குரல், அழுகைக்கும் அதட்டலுக்கும் நடுவில். திறந்தவெளியில், காற்றுக்கு எதிராக, தூரத்துக் களத்துமேட்டில் நிற்பவனுக்குக் கேட்கவேண்டிப் பிறந்த குரல் என்று தோன்றியது. ஒரு கிழவர் எழுந்துபோய் அவள் தோளில் சிவப்புத் துணி போர்த்திவிட்டு வந்தார். காசுக்கு ஈடான மரியாதை அது.

பக்கத்தில் இருந்தவர் தன் போனில் எதையோ தட்டி, மொழிபெயர்ப்பை என்னிடம் நீட்டினார். குகை, 18 வருடம், கணவன் என்று துண்டு துண்டாக வந்தது. போதுமானதாக இருந்தது. மந்திரி மகள் வாங் பாவ்சுவான் ஏழையைக் கல்யாணம் செய்துகொண்டு, அவன் போருக்குப் போய்விட, சூளைமாதிரியான குகையில் காட்டுக்கீரை பறித்துத் தின்று 18 வருஷம் காத்திருந்த கதை. வரலாற்றில் அப்படி யாரும் இல்லை. ஆனால் கதை நடப்பதாகச் சொல்லப்படுவது தாங் காலத்தில். அவளுடையது என்று காட்டும் குகை இருப்பது, இரவில்லாத நகரத்துத் தெரு இருக்கும் அதே சூஜியாங் பகுதியில். அரண்மனையின் 50,000 விளக்குகள் ஒருபக்கம். விளக்கெண்ணெய்க்கும் வழியில்லாத இந்த இருட்டு மறுபக்கம். மக்கள் ஞாபகம் வைத்துப் பாடுவது இதைத்தான். (அந்தக் குகையையும் காதலர்களுக்கான பூங்காவாக்கி, கல்யாணப் படம் எடுக்க விட்டிருக்கிறார்கள். கேள்விப்பட்டு நான் போகவில்லை.)

சீயானின் இரவைப் பற்றி எழுதும் யாரும் தாண்டிப்போக முடியாத ஒரு மாதம் இருக்கிறது. 2021 டிசம்பர் 23-ஆம் தேதி கொரோனாவுக்காக நகரத்தை மூடினார்கள். 1 கோடியே 30 லட்சம் பேர். ஜனவரி 24 வரை. முரசு இல்லை; செல்போனில் செய்தி வந்தது. குடியிருப்பு வளாகங்களின் கதவுகள் சாத்தப்பட்டன. உள்ளே அடைபட்டவர்கள் சாப்பாட்டுக்கு அல்லாடி, ஒருவரோடொருவர் பண்டமாற்று செய்துகொண்டார்கள். விளையாட்டுக் கருவியைக் கொடுத்து நூடுல்ஸும் ரொட்டியும் வாங்கிய செய்தி உலகமெல்லாம் போயிற்று. பேட்டைக்குள் நடமாடலாம், வீதிக்கு வரக்கூடாது என்ற பழைய விதி, யாரும் திட்டமிடாமலே, அதே மண்ணில் உயிர்பெற்று எழுந்துவிட்டது. நோய்க்காகத்தானே என்பார்கள். ஆம், நோய்க்காகத்தான். தாங் அரசும் காரணமில்லாமல் கதவைச் சாத்தவில்லை. தீ, திருட்டு, கலகம் என்று அதற்கும் காரணங்கள் இருந்தன.

தாங் சட்டத்தில் அந்த 20 பிரம்படிக்கு விலக்கு உண்டு. அவசர அரசாங்க வேலை, வீட்டில் மங்கல காரியம், சாவு, நோய். இவற்றுக்கு வட்டாரத்து அதிகாரியிடமோ பேட்டையிலோ ஒரு சீட்டு வாங்கிக்கொண்டால் நள்ளிரவிலும் கதவு திறக்கும். 2022 ஜனவரி 1-ஆம் தேதி, எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி சீயானில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் வலியோடு நிறுத்தப்பட்டாள். அவளிடம் சீட்டு இருந்தது. பரிசோதனைச் சான்று, காலாவதியாகிச் சில மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு மணி நேரம் வெளியே. காலடியில் ரத்தம். குழந்தை போய்விட்டது. பிறகு அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சட்டத்தைக் கருணை மிக்கது என்று சொல்ல நான் வரவில்லை. வென் டிங்யுன்னின் பல் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவன், வலியோடு ஒருத்தி ராத்திரியில் கதவைத் தட்டுவாள் என்பதை உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

நான் தங்கியிருந்த விடுதிக்காரரிடம் அந்த மாதத்தைப் பற்றிக் கேட்டேன். போனில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, தலையை ஆட்டி, பதில் தட்டாமல் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கடைசி இரவு மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போனேன். நள்ளிரவுக்கு முன்பாகவே விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இரவில்லாத நகரத்தில் வரிசை வரிசையாக இருட்டு விழுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. போட்டோகிராபர்கள் குடையை மடக்கினார்கள், பேரரசர்கள் வெறும் கல்லானார்கள், துப்புரவுத் தொழிலாளிகள் துடைப்பத்தோடு வந்தார்கள். டாக்ஸி பிடித்து முரசுக் கோபுரத்துக்கு வந்து இறங்கினேன். 1380-இல் கட்டிய கோபுரம். இப்போது அதில் வருஷத்தின் 24 பருவங்களுக்கு ஒன்றாக 24 முரசுகள் வைத்திருக்கிறார்கள், யாரையும் உள்ளே போகச் சொல்லாத முரசுகள். அதற்குப் பின்னால் முஸ்லிம் மக்களின் பேட்டை. டூரிஸ்டுகளுக்கான பெரிய தெரு அடங்கிவிட்டிருந்தது, சந்துகள் அடங்கவில்லை. ஒரு கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தேன்.

ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டியைப் போட்டுத் தரும் கடை. ஆனால் ரொட்டியைப் பிய்ப்பது நம் வேலை. வெள்ளைத் தொப்பி போட்ட கிழவர் ஒரு பெரிய கிண்ணத்தையும், பாதி வெந்த கெட்டி ரொட்டிகள் இரண்டையும் என்முன் வைத்துவிட்டுப் போனார். விரல் வலிக்கும் காரியம். பக்கத்து மேஜையில் இரண்டு கட்டடத் தொழிலாளிகள் பேசிக்கொண்டே, பார்க்காமலே, பிய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கால்மணி நேரம் கழித்து என் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவர் உள்ளே பார்த்தார், ஒரு துண்டை எடுத்தார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேனீயின் தலையளவுக்கு இடம் விட்டுக் காட்டினார். கிண்ணத்தை என்னிடமே திருப்பித் தள்ளிவிட்டு அடுப்புப் பக்கம் போனார். நான் மறுபடியும் பிய்க்க ஆரம்பித்தேன்.